காணி இருப்பு மதிப்பீடு: கவுன்சில் எதைப் பார்க்கிறது, எங்கே பிழை வருகிறது

வணக்கம் நேயர்களே.

இங்கிலாந்தில் அடுத்த பதினைந்து வருடங்களில் எங்கெங்கே வீடுகளும் வேலைத்தலங்களும் வரக்கூடும் என்பதை உள்ளூராட்சி சபைகள் காணி காணியாகப் பார்த்துப் பதிவு செய்து வைக்கின்றன. இந்தப் பதிவேட்டைத்தான் திட்டமிடல் அதிகாரிகள் 'ஹெலா' என்றோ, பழைய பெயரில் 'ஷ்லா' என்றோ சொல்வார்கள். நாம் காணி இருப்பு மதிப்பீடு என்று வைத்துக்கொள்வோம். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் ஏற்பாடு வேறு. ஆகவே இன்றைய பேச்சு இங்கிலாந்தைப் பற்றியது மட்டுமே.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இந்தப் பதிவேட்டில் ஒரு காணி இருந்தால் அங்கே கட்ட அனுமதி கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. அதற்குப் பிறகு உள்ளூர்த் திட்டத்தில், அதாவது லோக்கல் பிளானில், அந்தக் காணி ஒதுக்கப்பட வேண்டும். அந்தத் திட்டத்தைப் பிளானிங் இன்ஸ்பெக்டர் ஒருவர் பகிரங்கமாக விசாரித்து ஏற்க வேண்டும். அதன் பிறகும் கட்டுபவர் பிளானிங் பெர்மிஷன் எடுத்தாக வேண்டும். மதிப்பீட்டில் இருக்கும் காணிகளில் பல இரண்டாம் படியையே எட்டுவதில்லை.

சரி, காணிகள் எங்கிருந்து வருகின்றன? பாதி வேலை கவுன்சிலின் சொந்தக் கோப்புகளிலேயே இருக்கிறது. மறுக்கப்பட்ட விண்ணப்பங்கள், அனுமதி கிடைத்தும் கட்டத் தொடங்காத இடங்கள், பாவனையில் இல்லாத கராஜ் வரிசைகள், கார் பார்க், அரசுத் துறைகள் கைவிடும் காணி, இவற்றை எல்லாம் எடுப்பார்கள். முன்பு கட்டடம் இருந்த காணிகளுக்கு 2017 முதல் தனியாக ஒரு பிரவுன்ஃபீல்ட் பதிவேடு உண்டு. அதை வருடத்துக்கு ஒரு முறையாவது புதுப்பிக்க வேண்டும்.

மற்றப் பாதி 'கோல் ஃபோர் சைட்ஸ்' எனப்படும் பகிரங்க அழைப்பில் வரும். சில வாரங்கள் திறந்திருக்கும். உரிமையாளரோ முகவரோ படிவத்தை நிரப்பி, எல்லையைச் சிவப்புக் கோட்டால் காட்டும் வரைபடத்தை இணைக்க வேண்டும். வரைபடம் பொதுவாக 1:1250 அல்லது 1:2500 அளவில் இருக்கும். இணையத்தில் எடுத்த படத்தில் கையால் வட்டம் போட்டு அனுப்பினால் அது திரும்பி வரும். தேசிய வழிகாட்டலின்படி ஐந்து வீடுகளோ அதற்கு மேலோ கொள்ளக்கூடிய இடங்களும், தொழில் பயன்பாடென்றால் 0.25 ஹெக்டேயர் அல்லது 500 சதுர மீட்டர் தளப்பரப்பும் அதற்கு மேலும் உள்ளவையும் பார்க்கப்படும். கவுன்சில் இந்த எல்லையை மாற்றிக்கொள்ளலாம். உங்கள் பின்வளவில் ஒரு வீடு கட்ட இந்த வழி பயன்படாது. அதற்கு நேரடி விண்ணப்பம்தான்.

பிறகு சல்லடை. ஆறு பெருகினால் நீர் தங்கும் 3பி வெள்ள வலயம், தொன்மைக் காடு, தேசிய அளவில் காக்கப்படும் இயற்கைத் தளங்கள் போன்றவை பெரும்பாலும் இங்கேயே கழிந்துவிடும். கிரீன் பெல்ட், அதாவது நகரம் பரவிவிடாமல் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் சுற்றுநிலம், அப்படியல்ல. பலர் அது தானாகவே விலக்கப்படும் என நினைக்கிறார்கள். கிரீன் பெல்ட் ஒரு கொள்கைத் தடைதான், நிலத்தின் குறைபாடு அல்ல. கொள்கை மாறலாம் என்பதால் அந்தக் காணியையும் மதிப்பிட்டு, தடையைக் குறிப்பில் எழுதிவைப்பார்கள். தங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள கிரீன் பெல்ட் வயல் பட்டியலில் வந்ததைக் கண்டு ஊர் கொதிப்பது அநேகமாக இந்தக் கட்டத்தில்தான்.

தப்பியவற்றை அதிகாரி நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வாகனம் நுழையும் வழியின் அகலம், வளைவில் பார்வைத் தூரம், சரிவு, மேலே போகும் மின்கம்பி, பாதுகாக்கப்பட்ட மரங்கள், பக்கத்துத் தொழிற்சாலையின் சத்தம் என்று பார்க்க நிறைய உண்டு. ஆள் பற்றாக்குறையால் சிலவேளை வான்படத்தைப் பார்த்தே இந்த வேலை முடிகிறது. அப்போது தவறிப்போவது பெரும்பாலும் சரிவும், மழைநீர் தேங்கும் பள்ளமும்தான்.

எத்தனை வீடு கொள்ளும் என்பது அடுத்த கணக்கு. நான்கு ஹெக்டேயர் காணி, ஹெக்டேயருக்கு 35 வீடு, ஆகவே 140 வீடு என்று பெருக்கிவிடக் கூடாது. உள்வீதி, திறந்தவெளி, மழைநீர்க் குளம் எல்லாம் அதே காணிக்குள்தான் வர வேண்டும். 65 வீதம்தான் வீடுகளுக்கு மிஞ்சும் என்று எடுத்தால் 2.6 ஹெக்டேயர், அதாவது 91 வீடு. 2024 முதல் பெரும்பாலான கட்டுமானங்களுக்கு உயிரினப் பல்வகைமையில் பத்து வீத உயர்வும் கட்டாயம். அதைக் காணிக்குள்ளேயே ஈடுசெய்தால் இன்னும் குறையும்.

இனி மூன்று கேள்விகள். பொருத்தமா? கிடைக்குமா? கட்டி முடிக்கக் கூடியதா?

பொருத்தம் பற்றி எல்லோரும் பேசுவார்கள், அதனால் விடுகிறேன். என் கணிப்பில் மதிப்பீடுகள் அதிகம் சறுக்குவது இரண்டாவது கேள்வியில்தான். கிடைக்குமா என்றால், சட்டச் சிக்கல் இல்லாமல், விற்கவோ கட்டவோ மனமுள்ள ஒருவரின் கையில் காணி இருக்கிறதா என்பது. படிவத்தில் ஒருவர் 'நான் உரிமையாளர்' என்று எழுதியிருப்பார். காணிப் பதிவகத்தில் தேடினால் நான்கு சகோதரர்களின் பெயர் இருக்கும். ஒருவர் காலமாகி, வாரிசுப் பத்திரம் முடிந்திருக்காது. இன்னோரிடத்தில் குத்தகை பன்னிரண்டு வருடம் பாக்கி. இன்னொன்றில் ஒரு வீட்டுக்கு மேல் கட்டக் கூடாது என்ற பழைய நிபந்தனை உறுதியிலேயே கிடக்கும்.

இவற்றைவிடக் கெட்டது ரான்சம் ஸ்ட்ரிப். சிவப்புக் கோட்டுக்கும் பொது வீதிக்கும் இடையே ஒரு மீட்டர் அகலத்தில் வேறொருவரின் நிலத் துண்டு. அவர் சம்மதம் இல்லாமல் வழி இல்லை. 1961 ஆம் ஆண்டின் ஸ்டோக்ஸ் எதிர் கேம்பிரிட்ஜ் வழக்குக்குப் பிறகு, கூடும் காணிப் பெறுமதியில் மூன்றில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இத்தகைய பேரம் தொடங்குவது வழக்கம். ஆகவே சிவப்புக் கோடு பொது வீதியை உண்மையிலேயே தொடுகிறதா என்று நெடுஞ்சாலைப் பிரிவின் வரைபடத்தோடு ஒப்பிடுவது அரைமணி வேலைதான். அதைச் செய்யாமல் விட்ட காணிகள் பட்டியலில் வருடக்கணக்காகச் சும்மா கிடக்கும்.

இதே இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு வயலை வாங்கி, நூறு துண்டாகப் பிரித்து, 'விரைவில் அனுமதி வரும்' என்று சொல்லித் துண்டு துண்டாக விற்கும் திட்டங்கள் உண்டு. இப்படியான ஒன்று அனுமதி பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று 2016 இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. திட்டமிடல் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது மோசம். நூறு உரிமையாளர்களையும் ஒன்றுசேர்க்க முடியாது, எனவே 'கிடைக்குமா' என்ற கேள்வியிலேயே வயல் தோற்றுவிடும்.

மூன்றாவது, கட்டி முடிக்கக் கூடியதா என்பது காசுக் கணக்கு. விற்பனை வருமானத்திலிருந்து கட்டுமானச் செலவு, வட்டி, கவுன்சிலுக்கான பங்களிப்பு, கட்டுபவரின் இலாபம் எல்லாம் கழிய மிஞ்சுவதே காணிக்குக் கொடுக்கக்கூடிய விலை. இலாபத்துக்கு விற்பனை வருமானத்தில் 15 முதல் 20 வீதம் வரை பொருத்தமானதென வழிகாட்டல் சொல்கிறது. மிஞ்சும் தொகை, காணியின் இன்றைய பயன்பாட்டுப் பெறுமதியோடு உரிமையாளரை விற்கத் தூண்டும் ஒரு மேலதிகத்தையும் சேர்த்தால் வரும் தொகையைத் தாண்ட வேண்டும். பழைய பெட்ரோல் நிலையத்தில் நிலத்தடித் தாங்கிகளைத் தோண்டி மண்ணைச் சுத்தம் செய்யும் செலவே இந்தக் கணக்கைக் கவிழ்த்துவிடலாம்.

தேறிய காணிகளை முதல் ஐந்து வருடம், ஆறு முதல் பத்து, பதினொன்று முதல் பதினைந்து என்று பிரிப்பார்கள். முதல் கட்டத்தில் வைக்கத்தான் ஆதாரம் கடுமையாக வேண்டும். முழு விவர அனுமதி உள்ள இடம் எளிதாக நுழையும். அவுட்லைன் அனுமதி, அதாவது விவரங்கள் முடிவாகாமல் கொள்கையளவில் கிடைத்த அனுமதி, மட்டும் உள்ள பெரிய இடத்துக்கு, ஐந்து வருடத்துக்குள் வீடுகள் எழும் என்று தெளிவான சான்று காட்ட வேண்டும். இங்கே வேகத்தை மிகைப்படுத்துவது வழமையான பிழை. ஒரு நிறுவனம் ஓரிடத்தில் வருடத்துக்கு ஐம்பது வீடு விற்கிறது என்று வைத்தால், 600 வீட்டுக் காணிக்குப் பன்னிரண்டு வருடம் வேண்டும். ஐந்து வருடக் கணக்கில் அதை முழுதாகச் சேர்த்தால் மேன்முறையீட்டில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வரி வரியாகப் பிய்த்துவிடுவார். ஐந்து வருடத் தேவைக்குப் போதிய காணி இருப்பைக் காட்ட முடியாத கவுன்சில், தான் விரும்பாத இடத்தில் வரும் விண்ணப்பங்களையும் மறுக்கச் சிரமப்படும்.

உங்கள் பகுதியின் மதிப்பீட்டைப் பார்க்க விரும்பினால் கவுன்சில் இணையத்தளத்தில் உள்ளூர்த் திட்டத்தின் ஆதார ஆவணங்களுக்குள் தேடுங்கள். ஒவ்வொரு காணிக்கும் ஓர் எண்ணும் வரைபடமும் இருக்கும். முதலில் அடிப்படைத் திகதியை, அதாவது விவரங்கள் எந்த நாளின் நிலவரம் என்பதை, பாருங்கள், மூன்று வருடப் பழசென்றால் உரிமையாளரே மாறியிருக்கலாம். பிறகு 'கிடைக்குமா' என்ற நிரலில் யார், எப்போது உறுதி செய்தார் என்று பாருங்கள். ஆட்சேபமோ ஆதரவோ சொல்வதென்றால் லோக்கல் பிளான் கலந்தாய்வு திறந்திருக்கும்போது, அந்தக் காணி எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் அனுப்புங்கள்.