நர்ஸிங்கா, நியூட்ரிஷனா? காசிமேட்டுப் பிள்ளைகளிடம் பேசியது

அம்மாமார்களே, பிளஸ் டூ முடித்திருக்கும் பிள்ளைகளே,

மேடை ஏறும்போது ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “சிஸ்டர், இவளை நர்ஸிங்ல போடட்டுமா, நியூட்ரிஷன்ல போடட்டுமா? எதுல சீக்கிரம் வேலை?”

நேராகவே சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி. நர்ஸிங் 4 வருஷம். முடித்து, நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்ததும் வேலைக்குப் போகலாம். நியூட்ரிஷன், அதாவது ஊட்டச்சத்துப் படிப்பு, பொதுவாக 3 வருஷம்தான். ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாக, அதாவது நோயாளி என்ன சாப்பிடலாம் என்று சொல்பவராக, வேண்டுமென்றால் பெரும்பாலும் எம்.எஸ்சி.யும் பயிற்சியும் கேட்பார்கள். வீட்டுக்குச் சீக்கிரம் சம்பளம் வேண்டுமா, நர்ஸிங். அதில் வெட்கம் ஒன்றுமில்லை, நானும் அதற்காகத்தான் சேர்ந்தேன்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருப்பதால் சிஸ்டர் என்றால் யாரென்று நம் எல்லோருக்கும் தெரியும். டயட்டீஷியனைத்தான் தெரியாது. எனக்கே வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

சிறுநீரக வார்டில் டியூட்டி. விசைப்படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், டயாலிசிஸ் நோயாளி. பார்க்க வந்த மச்சான் ஆசையாக இளநீர் வாங்கி வந்திருந்தார். ஸ்ட்ரா வாயருகே போனபோது ஓடிப்போய்ப் பிடுங்கினேன். இளநீரில் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுபோகலாம். மச்சானுக்குக் கோபம். “அப்போ என்னதான் குடுக்கறது?” என்று நோயாளியின் மனைவி கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த பெட்டில் டிரிப்ஸ் தீர்ந்துகொண்டிருந்தது.

அப்புறம் டயட்டீஷியன் பெண் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். என்ன குழம்பு வைப்பீர்கள், கருவாடு வாரத்தில் எத்தனை நாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள், பொட்டாசியம் குறையும் என்றாள். கருவாட்டை விடச் சொன்னதும் அந்த அம்மா அழுதுவிட்டார். இவள் எழுந்து போகவில்லை.

நைட் டியூட்டி, ரத்தம், மலம் எதற்கும் முகம் சுளிக்காத பிள்ளை நர்ஸிங்குக்கு வரட்டும். ஒருவர் வீட்டு அடுப்பு வரை போய்ப் பேசும் பொறுமை உள்ளவள் நியூட்ரிஷன் படிக்கட்டும். சமையல் படிப்புதானே என்று மட்டும் நினைக்காதீர்கள், உயிர்வேதியியல் கண்ணைக் கட்டும். எந்தக் கல்லூரியானாலும் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சரி, என் கையைப் பிடித்த அம்மா எங்கே? பெண்ணையும் மேடைக்குக் கூட்டி வாருங்கள். அவளுக்கு எது பிடிக்கும் என்று நான் இன்னும் கேட்கவே இல்லை.