குனிந்து எடுத்த புத்தகம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"நல்ல வாசகரை உருவாக்குவது பிறர் பரிந்துரையா, சொந்தத் தேடலா?" என்பது தலைப்பு. சொந்தத் தேடலே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவி தம் உரைக்குள் ஒன்பது புத்தகங்களைப் பரிந்துரைத்தார். விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்றையாவது தாமே கண்டெடுத்ததாகச் சொல்வார் என்று கடைசிவரை காத்திருந்தேன். சொல்லவே இல்லை.

அவருடைய வலுவான வாதத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2010இல் கூகுள் கணக்கெடுத்தபோது உலகில் ஏறத்தாழ 13 கோடி நூல்கள் தேறின. ஆண்டுக்கு 50 வீதம் 50 ஆண்டுகள் விடாமல் படித்தாலும் ஒருவரால் 2,500 நூல்களைத்தான் முடிக்க முடியும். இந்தக் கடலில் வழிகாட்டி இல்லாமல் இறங்கலாமா என்று கேட்டார். கூடவே நாலடியாரையும் துணைக்கு அழைத்தார். கல்விக்குக் கரை இல்லை, கற்பவருக்கு நாளோ சில. ஆகவே நீரை ஒழித்துப் பாலை மட்டும் உண்ணும் குருகைப் போலத் தெரிந்து படியுங்கள் என்கிறது அந்தப் பாட்டு.

அருமையான பாட்டு. ஆனால் அம்மையார் அந்தப் பறவையைச் சரியாகப் பார்க்கவில்லை. நீரும் பாலும் கலந்த இடத்தில் குருகு தன் அலகைத்தான் விடுகிறது. பக்கத்துக் குருகு முதலில் குடித்துப் பார்த்து, ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் போட்டு, "தவறவிடாதீர்கள்" என்று எழுதி வைத்ததாகப் பாட்டில் எங்கும் இல்லை, நடுவர் அவர்களே! பிரித்தறியும் திறமை அலகில் இருக்கிறது. அந்த அலகு எப்படி வளர்கிறது என்று பார்த்தால் இன்றைய வழக்கு முடிந்துவிடும்.

2,500 கணக்குக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். யார் எதைப் பரிந்துரைத்தாலும் அது 2,501 ஆகப்போவதில்லை. அந்த 2,500 யாருடையவை என்பதில்தான் எனக்கு அக்கறை. எல்லோரும் எல்லோரிடமும் "அடுத்து எதைப் படிக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால், ஒரே ஐம்பது புத்தகங்கள் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துபோகும். மற்றவற்றை யார் தொடுவார்கள்?

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனை மேற்கோள் காட்டினார். கணிதம் கற்பித்துவிட்டு நூலகர் ஆனவர் அவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. பரிந்துரை நேரத்தைச் சேமிக்கிறது, ஆகவே ரங்கநாதன் எங்கள் பக்கம் என்றார் ஐயா. நான்காம் விதிக்கு முன்னால் மூன்றாம் விதி என்று ஒன்று இருக்கிறதே! ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது அது. அந்த வாசகரும் நூலும் சந்திக்க ரங்கநாதன் வலியுறுத்திய வழிகளில் முக்கியமானது திறந்த அடுக்கு முறை. வாசகரைக் கவுண்டருக்கு வெளியே நிறுத்திச் சீட்டு எழுதி வாங்காதீர்கள், உள்ளே விடுங்கள், அடுக்குகளுக்கு நடுவே அவர் உலவட்டும், கைக்கு எட்டிய புத்தகத்தைப் புரட்டட்டும் என்பது அதன் சாரம். உலவுவதற்கு ஒரு விதியின் கீழ் இடம் ஒதுக்கிய மனிதரை எதிரணி தன் பக்கம் இழுப்பது நியாயமா?

அடுத்து இயந்திரப் பரிந்துரை. "உங்கள் ரசனையை அறிந்து சொல்கிறது" என்று அதையும் புகழ்ந்தார்கள். 2003இல் அமேசான் பொறியாளர்கள் தங்கள் முறையை விளக்கிக் கட்டுரையே வெளியிட்டார்கள். ஒரு பொருளை வாங்கியவர்கள் கூடவே வேறு எவற்றை வாங்கினார்கள் என்று பார்த்து அவற்றை நம் முன் நீட்டுவதுதான் அதன் அடிப்படை. விற்பனைக்கு நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு துப்பறியும் கதை வாங்கியதற்காக ஆறு மாதமாக எனக்குப் பிணங்களாகவே காட்டிக்கொண்டிருக்கிறது. நேற்றைய என்னை அதற்கு நன்றாகத் தெரியும். நாளை நான் பறவைகளைப் பற்றிப் படிக்க ஆசைப்படுவேன் என்று அதற்கு யார் சொல்வது? எனக்கே இன்னும் தெரியாதே!

ஆண்டுக்கு 50 புத்தகம் என்று சபதம் போடும் நண்பர்களைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. டிசம்பர் பிறந்தால் மெலிந்த புத்தகங்களுக்கு ஏற்படும் திடீர் மவுசு ஒன்றே போதும்.

இப்போது என் வழக்கின் மையத்துக்கு வருகிறேன். பிறர் சொன்ன புத்தகம் பிடிக்காமல் போனால் என்ன செய்கிறோம்? ஒன்று, சொன்னவரைத் திட்டுகிறோம். இல்லையென்றால், "இத்தனை பேர் கொண்டாடுகிறார்கள், எனக்குத்தான் புரியவில்லை போலும்" என்று கூனிக்குறுகுகிறோம். இரண்டிலும் அலகு வளர்வதில்லை. நானே தேர்ந்தெடுத்த புத்தகம் ஏமாற்றினால் பழிபோட ஆள் கிடையாது. அட்டை மயக்கியதா? பின்னட்டையின் புகழுரை கவிழ்த்ததா? அடுத்த முறை எப்படி விழித்துக்கொள்வது? நான் ஏமாந்து ஏமாந்து கற்ற பாடம் ஒன்றைச் சொல்கிறேன். முதல் பக்கத்தை நம்புவதை விட்டுவிட்டேன். முதல் பக்கத்தை எழுத்தாளர் பத்துத் தடவை திருத்தியிருப்பார். நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தால், பாவம், கையும் களவுமாகச் சிக்கிக்கொள்வார். இதை எனக்கு யாரும் பரிந்துரைக்கவில்லை. மூன்று மோசமான நாவல்கள் கற்றுக்கொடுத்தன. அந்த மூன்றுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

இன்னொன்று. நண்பர் ஒருவர் தாம் நேசித்த புத்தகத்தை இரவல் தந்தார். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடுகள், ஓரத்தில் "ஆகா!" கோடு வரும் இடத்தில் நான் வியக்க வேண்டும். கோடு இல்லாத ஓர் இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. உடனே, தவறான இடத்தில் அழுதுவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. வாரம் ஒருமுறை "எதுவரை வந்தாய்?" என்று விசாரணை வேறு. பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992இல் வாசகருக்குப் பத்து உரிமைகள் வகுத்தார். முடிக்காமல் விடும் உரிமை அதில் மூன்றாவது. பத்தாவது, படித்ததைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் இருக்கும் உரிமை. இரவல் புத்தகத்தில் இந்த இரண்டும் பறிபோகின்றன, நடுவர் அவர்களே.

மாறாக, ஒரு மாலை நடந்தது இது. எல்லோரும் சொன்னார்களே என்று ஒரு நாவலைத் தேடி நூலகத்துக்குப் போனேன். எல்லாப் பிரதிகளும் வெளியே. எனக்கு முன்னால் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். திரும்பும்போது செருப்பு வார் அவிழ்ந்தது. குனிந்தேன். கண் மட்டத்தில் கடைசித் தட்டு. தலைப்பு அழிந்துபோன பழுப்பு முதுகு. உருவினேன், தூசி தும்மல் வரவழைத்தது. பின்பக்கத் தேதிச் சீட்டில் கடைசி முத்திரை ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தியது. கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரின் நாட்குறிப்பு. செலவான எண்ணெய், காற்றின் திசை, கடந்துபோன கப்பல் என்று பக்கம் பக்கமாகக் கணக்கு. நடுவில் ஒரு நாள் இரண்டே வரிகள்: "மூடுபனி. விடியும்வரை மணி அடித்தேன்." அவ்வளவுதான். தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். விளக்கணைக்க வந்த ஊழியர் எழுப்பும்வரை எழுந்திருக்கவில்லை.

"அந்த நூலகத்துக்கு உங்களை அழைத்துப்போனதே ஒரு பரிந்துரைதானே?" என்று எதிரணித் தலைவி இப்போது குறிப்பெடுப்பது தெரிகிறது. உண்மை, ஒப்புக்கொள்கிறேன். பரிந்துரை என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டது. என்னை நன்கு அறிந்த ஓரிருவர் ஒரு புத்தகத்தைச் சொன்னால் இன்றும் காது கொடுக்கிறேன். ஆனால் அவர்கள் என்னிடம் சொல்வதற்கு முன், யாரோ ஒருவர் யாரும் சொல்லாமல் குனிந்திருக்கிறார். எதிரணி அடுக்கிய ஒன்பது புத்தகங்களுக்கும் அப்படி ஒரு முதல் வாசகர் உண்டு. அவர் எங்கள் அணி.

மணி அடித்துவிட்டீர்கள். காவலர் மூடுபனிக்கு அடித்தார், நீங்கள் எனக்கு அடிக்கிறீர்கள், முடித்துவிடுகிறேன். ஒத்திகையின்போது இந்தக் கதையைக் கேட்ட எதிரணித் தலைவி, மேடையேறும் முன் என்னைத் தனியே அழைத்து, "அந்தப் புத்தகத்தின் பெயர் என்ன, குறித்துக்கொள்கிறேன்" என்று பேனாவை எடுத்தார். பெயரைச் சொல்ல மாட்டேன், அம்மா. கடைசித் தட்டில் இருக்கிறது. நேற்றுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.