அந்தமானில் ஐந்து மணிக்கே இருட்டு: வேலூரிலிருந்து கிளம்பும் முன்

[காட்சி: வேலூர் கோட்டை அகழி, மாலை வெயில்]

வணக்கம். நம் ஊரை வெயிலூர் என்று கிண்டல் செய்வார்கள். இங்கே வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, எங்கே போவதானாலும் "வெயில் தாழட்டும்" என்போம். அதே பழக்கத்தோடு அந்தமானுக்குப் போனால் பாதி இடத்தைப் பார்க்காமலே திரும்ப வேண்டியதுதான்.

[காட்சி: வரைபடம், வேலூரிலிருந்து கிழக்கே நகரும் கோடு]

அந்தமான் நமக்குக் கிழக்கே கிட்டத்தட்ட 14 பாகை தள்ளி இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆகவே சூரியன் அங்கே நம்மைவிட ஏறக்குறைய 55 நிமிடம் முந்திவிடுகிறது. கடிகாரத்தில் ஓடுவது என்னவோ அதே இந்திய நேரம்தான். டிசம்பரில் மாலை 5 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். மே மாதத்தில் காலை 5 மணிக்கே விடிந்துவிடும்.

சரி, இதனால் என்ன? ஹேவ்லாக் தீவில் இருக்கும் ராதாநகர் கடற்கரை மேற்குப் பார்த்தது. அங்கே சூரிய அஸ்தமனம் பார்க்க வேண்டுமென்றால் 3 மணிக்குள் போய்ச் சேருங்கள். அதே தீவின் காலாபத்தர் கடற்கரை கிழக்குப் பார்த்தது, விடியலுக்கானது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குட்டித் தூக்கம் போடுகிறவர்கள் கடற்கரைக்குப் போனால் டார்ச் வெளிச்சத்தில்தான் அலையைப் பார்க்கலாம்.

[காட்சி: காட்பாடி ரயில் நிலையம்]

காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து மெட்ரோவிலேயே விமான நிலையம் போகலாம். ஆனால் விடியற்காலை விமானத்துக்கு மெட்ரோவை நம்பாதீர்கள், முந்தின இரவே சென்னைக்குப் போய்விடுங்கள். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம் ஆகும். சென்னையிலிருந்து கப்பலும் உண்டு, மூன்று நாள் பயணம். ஒரு வார லீவில் போகிறவர்களுக்கு அது சரிப்படாது.

விமானம் போய் இறங்கும் போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஹேவ்லாக் 2018இலேயே ஸ்வராஜ் த்வீப், நீல் தீவு ஷாஹீத் த்வீப் ஆகிவிட்டன. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம்.

[காட்சி: படகுத்துறை, மழை மேகம்]

திட்டம் கெடுவது பெரும்பாலும் படகில்தான். ஹேவ்லாக்குக்குத் தனியார் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், அரசுப் படகில் இன்னும் கொஞ்சம் கூடுதல். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், யாரிடமும் சண்டை போட்டுப் பயனில்லை. அதனால் ஊர் திரும்புவதற்கு முந்தின இரவு கண்டிப்பாக ஸ்ரீ விஜயபுரத்தில் இருங்கள். ஸ்கூபா டைவிங் போனவர்களுக்கும் இதுதான் நல்லது. நீருக்கடியில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறாமல் விமானம் ஏறினால் ஆபத்து, ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

மே கடைசியில் அங்கே பருவமழை தொடங்கிவிடும். பிள்ளைகள் பரீட்சை ஏப்ரலில் முடிந்ததா, உடனே கிளம்புங்கள். மே இறுதி வரை தள்ளிப்போட்டால் மழையில் நனைந்தபடிதான் ஊர் சுற்ற வேண்டும்.

[காட்சி: காட்டுச் சாலை, வரிசையாக வண்டிகள்]

பாராதாங் சுண்ணாம்புக் குகைக்குப் போகும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காட்டைக் கடக்கிறது. குறித்த நேரத்தில்தான் வண்டிகளைக் கூட்டமாக விடுவார்கள், விடியற்காலையிலேயே செக்போஸ்ட்டில் நிற்க வேண்டும். வழியில் வண்டியை நிறுத்துவதும், அவர்களைப் படம் எடுப்பதும், பிஸ்கட் நீட்டுவதும் சட்டப்படி குற்றம். "ஜாரவாவைக் காட்டுகிறேன்" என்று எவராவது ஆசை காட்டினால் அந்த வண்டியில் ஏறாதீர்கள்.

[காட்சி: செல்லுலார் சிறை, பிறகு பாலாற்றங்கரை முத்து மண்டபம்]

செல்லுலார் சிறை 1906இல் கட்டி முடிந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வந்தது. தீவுக்குக் கைதிகளைக் கொண்டுபோன வெள்ளைக்காரன், அதற்கு வெகுகாலம் முன்பே ஒரு தீவின் அரசரை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து அடைத்தான். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1832இல் இங்கேதான் இறந்தார். அவர் சமாதிதான் இந்த முத்து மண்டபம்.

மொழிக் கவலை வேண்டாம், தமிழ் பேசுகிறவர்கள் அங்கே நிறைய. இட்லியும் கிடைக்கும். சின்னத் தீவுகளில் ஏடிஎம்மை நம்பாமல் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: திறந்த பெட்டி]

கரையில் கிடக்கும் செத்த பவளத் துண்டைக்கூட எடுத்து வராதீர்கள், விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். அப்புறம், அங்குள்ள சொந்தக்காரர்களுக்கு ஆற்காடு மக்கன் பேடா வாங்கிப் போனால் மூடி இறுக்கமான டப்பாவில் போடுங்கள். என் பெட்டியில் சட்டை மூன்றும் பாகில் ஊறிவிட்டன.