தகட்டில் பூத்த கற்கண்டு

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே,

இனிப்புச் செய்கிறவருக்குப் பாகில் சர்க்கரை படிகமாகப் பூத்துவிட்டால் அது குற்றம். பூக்காதிருக்கத்தான் சிறிது எலுமிச்சைச் சாறு பிழிந்து விடுகிறார்கள். நுண்ணோக்கியில் கேமராவைப் பொருத்திப் படம் எடுக்கிற எனக்கோ அந்தப் பூப்புத்தான் வேண்டியிருக்கிறது. உடன்குடிப் பனங்கற்கண்டைத் தண்ணீரில் கரைத்து, ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தேய்த்து வைத்தேன். அது அவசரப்படவில்லை, இரண்டு நாள் பசை போலவே கிடந்தது. முதல் தகட்டை எறும்புகள் முடித்துவிட்டன. இரண்டாவதைத் தண்ணீர்க் கிண்ணத்தின் நடுவே வைத்துக் காத்த பிறகே ஓரத்தில் படிகம் விசிறியாக விரிந்தது.

சாதாரண வெளிச்சத்தில் அந்த விசிறி நிறமற்றது. போலரைசர் என்னும் தளவிளைவுத் தாள் இரண்டை, ஒன்று தகட்டுக்குக் கீழும் மற்றொன்று மேலுமாகக் குறுக்கே வைத்தால் பார்வைப் புலம் இருண்டுவிடும். அந்த இருட்டில் படிகம் மட்டும் நீலமும் செம்மஞ்சளுமாக எரியும். படிகத்துள் புகும் ஒளி இரண்டாகப் பிரிந்து, ஒரு கூறு மற்றொன்றுக்குப் பின்தங்கி வெளியேறுகிறது. அவை மேல்தாளில் மீண்டும் இணையும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில மறைகின்றன. படிகத்தின் தடிமனும் அது கிடக்கும் திசையும் மாறும் இடந்தோறும் நிறம் மாறுவது இதனால்தான். சாயம் ஒரு துளியும் இல்லை. பழுதான கால்குலேட்டரின் திரையிலிருந்து உரித்தெடுத்த தாளே இதற்குப் போதுமானது.

ஆனால், இயற்கை வரைந்ததை நீங்கள் நகலெடுத்தீர்கள், இதில் கலை எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி 1885இல் நுண்ணோக்கி வழியாகத் தம் முதல் பனிப்படிகப் படத்தை எடுத்தார். வாழ்நாளில் 5,000க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். கறுப்புப் பின்னணியில் படிகம் பளிச்சென்று நிற்பதற்காக, நெகட்டிவின் பிரதியில் படிகத்தைச் சுற்றியிருந்த பூச்சைக் கத்தியால் சுரண்டி எடுத்தவர் அவர். அதைக் குறை கூறியவர்களும் இருந்தார்கள். என் வரையில், அந்தச் சுரண்டலில்தான் ஒரு மனிதனின் கை தெரிகிறது. எதைக் காட்டுவது, எதை இருளில் விடுவது என்பதைப் பனி தீர்மானிக்கவில்லை, அவரே தீர்மானித்தார்.

தூத்துக்குடிப் பக்கத்து நம் தேரிக்காட்டுச் செம்மணலிலும் இதே தீர்மானம் எனக்கு நேர்ந்தது. அந்தச் சிவப்பு நிறம் மணலுக்குள் ஊறியதன்று; குவார்ட்ஸ் என்னும் கனிம மணிகளின்மேல் படிந்த இரும்பு ஆக்சைடின் மெல்லிய படலம். கீழிருந்து விளக்கிட்டால் மணிகள் வெறும் நிழலாகத் தெரியும். பக்கவாட்டிலிருந்து, காகிதத் திரையால் தணித்த வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொன்றும் மாதுளை முத்தாகிவிடும். இங்கே இன்னொரு சிக்கல்: பத்து மடங்கு லென்சில் ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் சில மைக்ரோமீட்டர் மட்டுமே, அதாவது தலைமுடியின் பருமனில் ஒரு சிறு பங்கு. ஆகவே குவியத்தை இம்மி இம்மியாக நகர்த்தி, 60 படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியைக் கணினியில் சேர்த்தேன். நீங்கள் பார்க்கும் அந்த ஒரு படம் எந்தக் கணத்திலும் என் கண்ணுக்குத் தென்பட்டதே இல்லை.

அதனால் இக்கலையில் ஒரு கடமையும் சேர்ந்து வருகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கி நிறமறியாது. அதில் எடுத்த கொசுவின் கண்ணைப் பச்சையாகக் கண்டால், அந்தப் பச்சை பின்னர் தீட்டப்பட்டது. தீட்டுவது தவறன்று, தீட்டியதைச் சொல்லாமல் விடுவதே தவறு. வாசலில் மாட்டியிருக்கும் படங்களின் கீழே விளக்கு எது, எத்தனை படங்களின் சேர்க்கை, நிறம் எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறேன். பத்தமடைக் கோரைத் தண்டின் குறுக்குவெட்டுப் படத்தின் கீழே மட்டும் கூடுதலாக ஒரு வரி இருக்கும்: முக்கோண வடிவம் கோரையின் இயல்பு, ஊதா நிறம் நான் இட்ட சாயம்.