கார் ஏ.சி. குளிரவில்லையா? கேஸ் நிரப்பும் முன் பார்க்க வேண்டியவை

[காட்சி: நண்பகல், சேலம் ஐந்து ரோடு சந்திப்பு. சிக்னலில் நிற்கும் கார்களின் வரிசை.]

வணக்கம். பங்குனி பிறந்துவிட்டால் சேலத்துப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம், ‘ஏ.சி.க்குக் கேஸ் போட்டுவிடுங்கள்’ என்பதுதான். குளிர் குறைந்ததுமே கேஸ் தீர்ந்துவிட்டது என்று வண்டிக்காரரே முடிவு செய்துகொண்டு வருகிறார். ஆனால், கேஸ் என்பது பெட்ரோலைப் போல ஓட ஓடச் செலவாகும் பொருள் அன்று. கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அது வெப்பத்தை இழந்து திரவமாகிறது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வைக் கடந்து அழுத்தம் குறைந்து, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு மீண்டும் கம்ப்ரஸருக்கே திரும்புகிறது. மூடிய சுற்றுக்குள் இருக்கும் இந்தக் கேஸ் கணிசமாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள்.

ஆகவே, பட்டறைக்குப் போவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: குளிர் எப்போது குறைகிறது?

[காட்சி: பானெட்டைத் திறந்து, முன்புற ஃபேனைக் காட்டுதல்.]

சிக்னலில் நிற்கும்போது வெதுவெதுப்பான காற்று வந்து, ஓமலூர் நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் குளிர் திரும்புகிறது என்றால், பெரும்பாலும் குறை கண்டென்சருக்குக் காற்று கிடைக்காததில் இருக்கிறது. ஓடும் காருக்கு எதிர்க்காற்று போதும். நிற்கும் காருக்கு ஃபேன் ஒன்றே துணை. இன்ஜினை இயக்கி, ஏ.சி.யைப் போட்டுவிட்டு, கையை உள்ளே விடாமல் பாருங்கள். பெரும்பாலான கார்களில் சிறிது நேரத்திலேயே ஃபேன் சுற்றத் தொடங்க வேண்டும். சுற்றவே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். மெதுவாகச் சுற்றும் ஃபேன்தான் நம்மை அதிகம் ஏமாற்றும். ‘ஃபேன் ஓடுகிறதே’ என்று அதை விட்டுவிடுகிறோம்.

ஃபேன் சரியாக இருந்தால் கண்டென்சரின் முகத்தைப் பாருங்கள். வெள்ளைக்கல் சுரங்கப் பக்கத்துப் புழுதியில் தினமும் ஓடும் வண்டி என்றால், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலும் அழுக்கு அடைந்திருக்கக்கூடும். இன்ஜின் ஆறிய பிறகு மெல்லிய நீர்வீச்சில் கழுவினால் போதும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நெருக்கமாகப் பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கி, முன்பு வந்துகொண்டிருந்த காற்றும் வராமல் போகும்.

[காட்சி: ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு.]

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் குளிர் விட்டுவிட்டு வருகிறது என்பவர்களுக்கு விடை வேறு. தாழ்ந்த கியரில் இன்ஜின் முழுச் சுமையோடு உழைக்கிறது. காரின் வேகமோ மிகக் குறைவு. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கும்போதும், இன்ஜின் வெப்பம் எல்லை மீறும்போதும், பல கார்களின் கட்டுப்பாட்டுக் கணினி கம்ப்ரஸரைத் தானாகவே நிறுத்திவிடும். அது இன்ஜினைக் காக்கும் ஏற்பாடு. அப்போது ஏ.சி.யை விட்டுவிட்டு வெப்பமானியைக் கவனியுங்கள். முள் வழக்கத்தைவிட மேலே போனால் கூலண்ட் பக்கம்தான் வேலை இருக்கிறது. மேலே போய்ச் சேர்ந்த பிறகு நன்றாகக் குளிர்வதை வைத்து ஏ.சி.க்குச் சான்று வழங்கவும் வேண்டாம். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் எந்த ஏ.சி.யும் நல்ல ஏ.சி.தான்.

காற்று குளிர்ச்சியாகவே இருக்கிறது, ஆனால் வரத்து குறைவு என்றால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பல கார்களில் அது முன் இருக்கைக்கு எதிரே உள்ள பெட்டிக்குப் பின்னால் இருக்கும். நீண்ட பயணத்தில் மட்டும் காற்று படிப்படியாகக் குறைந்து, ஏ.சி.யைச் சிறிது நேரம் அணைத்தால் மீண்டும் வருகிறது என்றால், கூலிங் காயிலில் பனி உறைகிறது. அதற்கும் அடைபட்ட ஃபில்டர் ஒரு காரணமாகலாம். வெளிக்காற்றை உள்ளிழுக்கும் நிலையில் பொத்தான் தவறுதலாக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

[காட்சி: இரண்டு மானிகள் கொண்ட கேஜ் செட்.]

எல்லா வேளையிலும் குளிர் குறைவு என்றால்தான் கேஸைச் சந்தேகிக்க வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. இன்ஜின் நின்றிருக்கும்போது பார்க்கும் அழுத்தம் கேஸின் அளவைக் காட்டாது. 35 டிகிரி வெப்பத்தில், ஆர்-134ஏ என்னும் ஏ.சி. கேஸ் பாதி இருந்தாலும் முழுதாக இருந்தாலும் மானி ஏறத்தாழ 115 பி.எஸ்.ஐ. என்றே காட்டும், உள்ளே திரவம் மிச்சமிருக்கும் வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான். ஓடும்போது, கம்ப்ரஸருக்குக் கேஸ் திரும்பும் தாழ்பக்கம், அதிலிருந்து வெளியேறும் உயர்பக்கம் என இரு பக்க அழுத்தமும் குறைவாக இருந்தால் கேஸ் குறைவு என்று ஐயப்படலாம். தாழ்பக்கம் அதிகமாகவும் உயர்பக்கம் குறைவாகவும் இருந்தால் கம்ப்ரஸர் தளர்ந்திருக்கக்கூடும்.

பழைய கேஸை இயந்திரத்தில் மீட்டெடுத்து, கசிவை அடைத்த பிறகு, வாக்கம் செய்து காற்றையும் ஈரத்தையும் நீக்கி, பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கிறதோ அத்தனை கிராமை எடைபோட்டு நிரப்ப வேண்டும். ‘கொஞ்சம் கூடவே போட்டிருக்கிறேன்’ என்பது சலுகை அன்று. கேஸ் கூடினால் உயர்பக்க அழுத்தம் ஏறி, குளிர் குறையும்.

குழாய் இணைப்புகளில் எண்ணெய்க் கறை தென்பட்டால் கசிவு அங்கே இருக்கலாம். கண்ணுக்கு எதுவும் படாமல் கேஸ் மட்டும் குறைந்துகொண்டே இருந்தால் கூலிங் காயிலைச் சந்தேகிப்பார்கள். பல கார்களில் அதை மாற்ற டேஷ்போர்டையே கழற்ற வேண்டும் என்பதால், சம்மதிக்கும் முன், கசிவு காட்டும் கருவியை, அந்தக் காயிலிலிருந்து தண்ணீர் வடியும் குழாயின் முனையில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.