தயார்நிலைக்குக் கட்டணம்: கொடுப்போம், சோதித்துக் கொடுப்போம்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, மின்துறை ஒழுங்குமுறைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் என் போன்றோர் எழுதும் நீண்ட கடிதங்களுக்குத் தம் கைப்பட விடை எழுதும் பெருந்தகையே, முன்னிலை வகிக்கும் தலைமைப் பொறியாளர் அவர்களே, எனக்கு முன்பு மின்கலச் சேமிப்பைப் பற்றிப் பேசிப் பாதி வேலையை எளிதாக்கிவிட்ட பேராசிரியர் அம்மையார் அவர்களே, நுகர்வோர் அமைப்புகளின் நிர்வாகிகளே, கடைசி வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் மாணவர்களே, அனைவருக்கும் என் வணக்கம். நன்றி சொல்லியே நேரத்தைக் கரைப்பவன் என்று நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. ஆனாலும் ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொள்ளும் தம்பிக்கு நன்றி சொல்லாமல் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

தயார்நிலைக் கட்டணம் பற்றி இன்று அவைமுன் வந்திருக்கும் தீர்மானத்தின் மேல் நான்கு செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். மின்சாரம் தராமல் தயாராக மட்டும் நிற்கும் நிலையத்துக்கு ஏன் பணம் தர வேண்டும்? ஒவ்வொரு வகை நிலையத்தின் நம்பகத்தை எப்படி அளப்பது? தயார் என்று சொன்னது உண்மைதானா என்பதை யார் சோதிப்பது? இந்தச் செலவை யார் தலையில் வைப்பது? இவற்றில் மூன்றாவது என் நெஞ்சுக்கு நெருக்கமானது என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஐந்நூறு மெகாவாட் நிறுவுதிறன் கொண்ட அனல்மின் நிலையம் ஒன்று ஆண்டின் 8,760 மணி நேரத்தில் எண்பது விழுக்காடு அளவுக்கு ஓடினால் சுமார் 350 கோடி யூனிட் விற்கும். சூரிய ஒளிக்கும் காற்றுக்கும் எரிபொருள் செலவு இல்லை; ஆகவே அவை வரும் நேரங்களில் அவற்றின் மின்சாரத்தைத்தான் கட்டுப்பாட்டு மையம் முதலில் எடுத்துக்கொள்ளும். அது நியாயமும்கூட. ஆனால் அதனால் நம் அனல்மின் நிலையம் இருபது விழுக்காடு மட்டுமே ஓடும் நிலை வந்தால் விற்பனை சுமார் 88 கோடி யூனிட்டுக்குச் சுருங்கிவிடும். பாய்லரைப் பராமரிக்கும் செலவும், ஊழியர் சம்பளமும், கடன் தவணையும் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. யூனிட்டுக்கு மட்டுமே விலை என்றால் அந்த நிலையம் ஒருநாள் கதவை மூடும். அப்படி மூடிய பிறகு, காற்று அடங்கிய ஓர் இரவில் நாம் அதைத் தேடுவோம். தீயணைப்பு நிலையத்துக்கு அணைத்த தீயின் எண்ணிக்கையைப் பார்த்தா சம்பளம் தருகிறோம்?

இது புதிய எண்ணமும் அல்ல. சிலி நாடு 1982 ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்திலேயே திறனுக்கு, அதாவது கேட்டபோது மின்சாரம் தரத் தயாராக நிற்பதற்கு, தனிக் கட்டணம் வைத்தது. அந்தத் தயார்நிலைக்கான விலையை ஏலத்தில் முடிவு செய்வதே திறன் ஏலம்; பிரிட்டன் 2014 டிசம்பரில் தன் முதல் திறன் ஏலத்தை நடத்தியபோது கிலோவாட்டுக்கு ஆண்டொன்றுக்கு 19.40 பவுண்டு என்று விலை முடிந்தது.

இரண்டாவது செய்தி, அளவை. சூரியத் தகடுகள் குறைவாக இருக்கும்போது அவை நண்பகல் உச்சத் தேவையைத் தாங்குகின்றன. பெருகப் பெருக, நெருக்கடி நேரம் சூரியன் சாய்ந்த பிறகான மணிகளுக்கு நகர்ந்துவிடுகிறது, அந்த மணிகளில் அடுத்த தகடு தரும் உதவி ஏறக்குறைய ஒன்றுமில்லை. 2020 ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் கலிபோர்னியாவில் சுழற்சி முறை மின்வெட்டு வந்தது மாலையில்தான். எனவே பெயர்ப்பலகையில் எழுதிய மெகாவாட்டுக்கு அல்ல, நெருக்கடி மணியில் கைக்கு வரும் மெகாவாட்டுக்கே பணம் என்பது விதி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொன்னது மின்தொகுப்புக்கென்றே சொன்னது போல் இருக்கிறது. இதற்கான நிகழ்தகவுக் கணக்கைப் பேராசிரியர் அம்மையார் என்னைவிட நன்றாக விளக்குவார். நான் மூன்றாவதற்குப் போகிறேன்.

ஒரு பழைய கதை. இளம் பொறியாளனாக ஒரு தொழிற்சாலையின் மின்பிரிவில் சேர்ந்திருந்தேன். அவசரத் தேவைக்கென்று அங்கே ஒரு டீசல் ஜெனரேட்டர் இருந்தது. அதைத் தயாராக வைத்திருப்பதற்காக ஓர் ஒப்பந்ததாரருக்கு மாதந்தோறும் பணம் போய்க்கொண்டிருந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை அவருடைய ஆள் வருவார், சுமை ஏதும் ஏற்றாமல் பத்து நிமிடம் ஓட்டுவார், பதிவேட்டில் ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்திடுவார். அச்சுக் கோத்தது போன்ற கையெழுத்து அது. மூன்று ஆண்டுகளில் ஓர் அடித்தல் திருத்தம் கிடையாது. ஒருநாள் நள்ளிரவில் மின்சாரம் போயிற்று. பொத்தானை அழுத்தினோம், ‘டொக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டார்ச் அடித்துப் பார்த்தால் பேட்டரி முனைகளில் பச்சைப் பூப்பாகப் பூத்திருந்தது. வாசலில் நின்ற லாரியின் பேட்டரியைக் கழற்றி வந்து இணைத்தோம். எஞ்சின் உறுமியது, எல்லோரும் கைதட்டினோம், சுமையை ஏற்றினோம். ஏழாவது நிமிடம் இருமி இருமி நின்றுவிட்டது. டீசல் தொட்டியின் அடியில் தண்ணீரும் கசடும் இறங்கி வடிகட்டியை அடைத்துவிட்டன. தொட்டியின் அளவுமுள்ளோ எந்தக் காலத்திலோ முக்கால் அளவில் சிக்கி அங்கேயே நின்றிருந்தது. என் மேலதிகாரி அந்தப் பதிவேட்டை டார்ச் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு மெல்லச் சொன்னார்: “இதைக் கொளுத்தினாலாவது கொஞ்சம் வெளிச்சம் வரும்.” அந்த மாதத்துப் பணமும் முழுமையாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதைக் கணக்குப் பிரிவில் பிறகு தெரிந்துகொண்டேன். ஏட்டுச் சுரைக்காய்!

சிறிய தொழிற்சாலைக் கதை என்று நீங்கள் சிரிக்கலாம். அமெரிக்காவில் 13 மாநிலங்களுக்கும் தலைநகருக்கும் மின்தொகுப்பை நடத்தும் பிஜேஎம் அமைப்பு 2007 முதல் திறன் ஏலம் நடத்தி வருகிறது. 2022 டிசம்பர் 24 அன்று எலியட் பனிப்புயலின்போது அங்கே சுமார் 47,000 மெகாவாட், அதாவது மொத்தத் திறனில் கால்பங்கை ஒட்டிய அளவு, எதிர்பாராமல் முடங்கியது. முடங்கியதில் பெரும்பகுதி எரிவாயு நிலையங்கள். காற்றையும் வெயிலையும் மட்டுமே நம்பகமற்றவை என்று பேசுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். தயார்நிலைக்கென்று பணம் பெற்ற நிலையங்களுக்கு ஏறத்தாழ 180 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பின்னர் சமரசத்தில் அது குறைக்கப்பட்டது. நிகழ்ந்த பிறகு விதிக்கும் அபராதம் வழக்கறிஞர்களின் மேசைக்குப் போய்விடுகிறது. பிரிட்டனில் குளிர்காலத்தில் மூன்று நாள் உற்பத்தியைக் காட்ட வேண்டும் என்ற விதி உண்டு, ஆனால் எந்த மூன்று நாள் என்பதை நிலையத்தாரே தேர்ந்து சொல்லலாம். தேர்வு நாளை மாணவனே குறித்துக்கொள்வது போன்ற ஏற்பாடு இது.

ஆகவே நானும் என் நண்பர்களும் நெடுநாளாகக் கேட்டு வருவது ஒன்றே: முன்னறிவிப்பில்லாச் சோதனை. தயார்நிலைக் கட்டணம் பெறும் ஒவ்வொரு நிலையத்தையும், அது அனலாக இருந்தாலும், நீரை மேலே ஏற்றி வைத்துத் தேவையானபோது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையமாக இருந்தாலும், பேட்டரியாக இருந்தாலும், அழைத்தால் சுமையைக் குறைக்கிறேன் என்று ஒப்புக்கொண்ட ஆலையாக இருந்தாலும், ஆண்டில் சில முறையாவது கட்டுப்பாட்டு மையம் சொல்லாமல் அழைக்க வேண்டும். ஒப்புக்கொண்ட நேரத்துக்குள் முழுச் சுமையை ஏற்று, ஒப்புக்கொண்ட மணி நேரம் தாக்குப்பிடித்ததா என்று பார்க்க வேண்டும். தவறினால், மறு சோதனையில் தேறும்வரை கட்டணத்தை நிறுத்தி வைக்க வேண்டும். முடிவுகளை நிலையம் வாரியாகப் பொதுவில் வெளியிட வேண்டும். சோதனைக்கு எரிபொருள் வீணாகும் என்கிறார்கள். வீணாவதில்லை, அந்த மின்சாரமும் தொகுப்புக்குத்தான் போகிறது. கூடுதலாகும் செலவு, முடங்கிய ஓர் இரவின் இழப்புக்கு முன் ஒரு பொருட்டே அல்ல.

நான்காவது செய்தியான செலவுப் பங்கீட்டுக்கு வரும்போது தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்று மட்டும் சொல்கிறேன். பிஜேஎம் ஏலத்தில் ஒரு மெகாவாட்டின் ஒரு நாள் விலை 28.92 டாலரிலிருந்து அடுத்த ஏலத்தில், 2024 ஜூலையில், 269.92 டாலருக்குத் தாவியது. தேவை ஏறியதும், பழைய நிலையங்கள் மூடப்பட்டதும், நம்பகத்தைக் கறாராக அளக்கத் தொடங்கியதும் சேர்ந்து அந்த விலையைத் தூக்கின. இத்தனை பெரிய தொகையை மக்கள் தங்கள் கட்டணத்தில் சுமக்கும்போது, கையெழுத்து அழகாயிருக்கும் பதிவேட்டை மட்டும் அவர்களுக்குக் காட்டுவது தகுமா?

தீர்மானத்தின் ஆறாவது பத்தியில் ‘உரிய காலமுறைச் சோதனை’ என்று இருக்கிறது. ‘உரிய காலமுறை’ என்ற சொற்களை நீக்கி ‘முன்னறிவிப்பில்லா’ என்று சேர்க்க வேண்டும் என முன்மொழிகிறேன். திருத்தத்தின் படிகள் வாசலருகே மேசையில் இருக்கின்றன. வழிமொழிவோர் கையெழுத்திட்டுத் தலைவர் அவர்களிடம் தர வேண்டுகிறேன். வணக்கம்.