விளிம்பில் தெரியும் கோடுகள்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். பிளாஸ்டிக் கார்டு தயாரிக்கும் தொழிற்சாலையில், லேமினேஷன் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். நாம் தினமும் பயன்படுத்தும் வங்கிக் கார்டு எப்படி உருவாகிறது என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள்.

பக்கத்தில் உங்கள் ஏ.டி.எம். கார்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் விளிம்பை நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். பல கார்டுகளில் மெல்லிய கோடுகள் ஓடுவது தெரியும். ஒரே துண்டு பிளாஸ்டிக்கின் மேல் படத்தை அச்சடித்துவிடுகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது தனித்தனித் தாள்கள் ஒன்றாக உருகிச் சேர்ந்த உடம்பு. மொத்தத் தடிமனே 0.76 மில்லிமீட்டர்தான். அதற்குள் நாலைந்து அடுக்கு இருக்கிறது, நடுவில் செம்புக் கம்பியும் இருக்கிறது.

உலகத்தில் எந்த நாட்டு வங்கிக் கார்டை எடுத்தாலும் நீளம் 85.6 மில்லிமீட்டர், அகலம் கிட்டத்தட்ட 54. இதைச் சர்வதேசத் தர விதியாகவே வைத்திருக்கிறார்கள். அதனால்தான் சென்னையில் வாங்கிய கார்டு சிங்கப்பூர் இயந்திரத்திலும் நுழைகிறது. நம் பான் கார்டும் ஆதார் பி.வி.சி. கார்டும் இதே அளவுதான்.

பெரும்பாலான கார்டுகளுக்கு மூலப்பொருள் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். அது பெரிய வெள்ளைத் தாள்களாக வரும். ஒரு தாளில் 24, 48 என்று கார்டுகளை வரிசையாக அடுக்கி அச்சிடுவார்கள். முன்பக்கத்துக்கு ஒரு தாள், பின்பக்கத்துக்கு இன்னொரு தாள். ஆஃப்செட் அச்சுதான், ஆனால் காகித அச்சகத்து மை இதற்கு ஆகாது. காகிதம் மையை உறிஞ்சிக்கொள்ளும், பிளாஸ்டிக் உறிஞ்சாது. அதனால் புற ஊதா விளக்கின் கீழே போன நொடியே கெட்டியாகிவிடும் மையைப் பயன்படுத்துகிறார்கள். பளபளக்கும் தங்க நிறம், வெள்ளி நிறம் வேண்டுமென்றால் ஸ்கிரீன் பிரிண்டிங்.

இங்கே பெரிய எதிரி தூசி. பிளாஸ்டிக் தாளை இன்னொரு தாள் மேலிருந்து உருவினாலே மின்னேற்றம் வந்து, காற்றில் இருக்கும் தூசியை இழுத்துக்கொள்ளும். ஒரு தலைமுடி உள்ளே சிக்கிவிட்டால் அவ்வளவுதான். கார்டு இருக்கும் வரை அந்த முடியும் அதற்குள்ளேயே இருக்கும், எடுக்கவே முடியாது.

அச்சான இரண்டு தாளுக்கும் நடுவில் இன்லே என்கிற தாள் வருகிறது. தட்டினாலே பணம் போகிற கார்டுகளுக்கு உயிர் இதில்தான். மிக மெல்லிய செம்புக் கம்பியை, காதுக்குக் கேட்காத மீயொலி அதிர்வின் சூட்டால் பிளாஸ்டிக்கை இளக்கி, கார்டின் ஓரத்தைச் சுற்றிச் சில சுற்றுகள் பதித்துக்கொண்டே போகும் இயந்திரம். அதுதான் ஆன்டெனா. கார்டுக்குள் பேட்டரி கிடையாது. கடைக்காரர் வைத்திருக்கும் கருவி 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலத்துக்குள் கம்பிச் சுருள் வந்ததும் அதில் மின்சாரம் பிறந்து சிப் விழித்துக்கொள்கிறது. சில கார்டுகளின் பின்னால் செல்போன் டார்ச்சை ஒட்டிப் பிடித்தால் அந்தக் கம்பி ஓடும் தடம் நிழலாகத் தெரியும்.

மேலேயும் கீழேயும் கண்ணாடி மாதிரியான ஓவர்லே தாள். அச்சு தேயாமல் காப்பது இதுதான். பின்பக்க ஓவர்லேயில் காந்தப் பட்டையை முன்கூட்டியே சூடு வைத்துப் பதித்திருப்பார்கள். இந்தப் பட்டைக்கு ஒரு கதை உண்டு. 1960களில் ஐ.பி.எம். கம்ப்யூட்டர் நிறுவனத்தின் பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி, காந்த நாடாவைப் பிளாஸ்டிக் அட்டையில் ஒட்ட முயன்று, எந்தப் பசையும் சரிவராமல் வீட்டுக்குப் போனாராம். துணி தேய்த்துக்கொண்டிருந்த மனைவி டோரத்தியா, இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்களேன் என்றாராம். அது ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் எங்கள் தொழில் நிற்பது சூடு, அழுத்தம் என்ற அந்த இரண்டின் மேல்தான்.

சரி, இப்போது என் பிரிவுக்கு வருகிறேன். தாள்களை நுனி பிசகாமல் அடுக்கி, நகராமல் இருக்க ஓரங்களில் சில இடத்தில் மட்டும் சூடு வைத்து ஒட்டுவோம். இப்படி ஒட்டிய ஒவ்வொரு கட்டுக்கும் மேலும் கீழும் மெருகேற்றிய எஃகுத் தகடு. இந்தக் கட்டுகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்த இயந்திரத்துக்குள் தள்ளுவோம். சூடு சுமார் 130 முதல் 150 டிகிரி வரை போகும். பசை ஒரு சொட்டுகூடக் கிடையாது. தாள்கள் இளகி ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. உங்கள் கார்டு பளபளப்பாக இருந்தால் அது அந்தத் தகட்டின் பளபளப்பு. சொரசொரப்பாக, மங்கலாக இருந்தால் தகடு அப்படி இருந்தது என்று அர்த்தம். தகட்டில் ஒரு சிறு கீறல் விழுந்தால், அதைக் கண்டுபிடிக்கும் வரை வருகிற ஒவ்வொரு தாளிலும் அந்தக் கீறல் இருக்கும்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் சூட்டைத்தான் கவனிப்பார்கள். என்னைக் கேட்டால் கார்டின் ஆயுளைத் தீர்மானிப்பது குளிர வைப்பதுதான். அழுத்தத்தை விடாமல், தகடுகளுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஓட, மெதுவாக ஆற வேண்டும். அவசரப்பட்டுத் திறப்பது, பிரஷர் அடங்காத குக்கரைத் திறக்கிற மாதிரி. தாள் வளைந்துகொள்ளும், அடுக்குகள் சரியாகப் பிடித்திருக்காது. சில மாதம் கழித்து யாரோ ஒருவர் கையில் கார்டின் மூலை பிரியும். ஏன் என்று அவருக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும்.

இதையே சின்ன அளவில் பார்க்க வேண்டுமென்றால், ஐ.டி. கார்டு போட்டுத்தரும் கடைக்குப் போங்கள். டிராகன் ஷீட் என்ற தாளில் இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சடித்து, இருபக்கமும் ஓவர்லே வைத்து, ஃப்யூசிங் மெஷினில் அழுத்தி, கட்டரில் வெட்டிக் கொடுப்பார்கள். சிப்பும் ஆன்டெனாவும் கிடையாது, மற்றபடி முறை ஒன்றுதான்.

ஆறிய தாளிலிருந்து கார்டுகளை டை என்ற வெட்டும் அச்சு வைத்து வெட்டி எடுப்பார்கள். ஹாலோகிராம், கையெழுத்துப் பட்டை இருந்தால் சூடான அச்சால் பதிப்பார்கள். அப்புறம் சிப்.

தங்க நிறத்தில் நாம் பார்ப்பது சிப் இல்லை. அது தொடுமுனைத் தகடு. சிப் அதற்குப் பின்னால், பிசினால் மூடி, கண்ணில் படாமல் இருக்கிறது. அதை உட்கார வைக்கக் கார்டில் இரண்டு படியாகக் குழி குடைய வேண்டும். அகலமான, ஆழம் குறைந்த படியில் தகட்டின் ஓரம் ஒட்டும். நடுவில் ஆழமான குழியில் பிசின் மூடிய சிப் இறங்கும். குழிக்கு அடியில் மிஞ்சுவது ஒரு தடித்த தாளின் கனம்தான். ஆன்டெனாவின் இரண்டு முனையும் சிப்போடு இணைய வேண்டும். சில கார்டுகளில் நேராக இணைப்பார்கள், சிலவற்றில் கம்பி தொடாமலே காந்தப் புலம் வழியாக. கார்டை வளைத்தால் நடுப்பகுதிதான் அதிகம் வளையும், அதனால் சிப்பை ஓரமாகத் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் பின்பாக்கெட்டில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்தால், வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே இணைப்பு விட்டுப்போகும்.

இதுவரை கார்டில் யாருடைய பெயரும் கிடையாது. தனிப் பாதுகாப்புள்ள கூடத்தில்தான் எண், பெயர், சிப்புக்கான ரகசியக் குறியீட்டுச் சாவிகள் எல்லாம் ஏறுகின்றன. உள்ளே போகிற வெற்றுக் கார்டையும் வெளியே வருகிற கார்டையும் எண்ணிச் சரிபார்ப்பார்கள். கெட்டுப்போனதைக்கூடக் கணக்கு வைத்துத்தான் தூளாக்குவார்கள். அந்தக் கெடுபிடி அவசியம் என்றே நான் நினைக்கிறேன். முன்பு எண்கள் புடைப்பாக இருந்ததற்குக் காரணம், கடையில் கார்பன் காகிதத்தை மேலே வைத்து உருட்டிப் பிரதி எடுத்ததுதான். அந்தத் தேவை போனதும் புடைப்பும் போய்க்கொண்டிருக்கிறது. இந்தியாவில் வங்கிக் கார்டுகள் எல்லாம் சிப் கார்டாக மாற ரிசர்வ் வங்கி வைத்த கெடு 2018 டிசம்பர் 31. தட்டிப் பணம் செலுத்துவதில் பின் எண் கேட்காத வரம்பு 2021 ஜனவரியிலிருந்து 5,000 ரூபாய்.

வைத்துக்கொள்வது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பி.வி.சி. 80 டிகிரியை நெருங்கும்போதே இளக ஆரம்பிக்கும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் கார்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள். நாங்கள் அத்தனை மெதுவாக ஆற வைத்துத் தட்டையாக்கிய கார்டு அங்கே வளைந்துவிடும்.

கெடு முடிந்த கார்டை எரிக்கவே கூடாது. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல், சுமார் 57 சதவீதம், குளோரின். எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், டையாக்சின் என்ற நச்சும் சேரலாம். 2028 முதல் தங்கள் பெயரில் வரும் புதிய கார்டுகளை மறுசுழற்சி பிளாஸ்டிக், தாவர மூலப் பிளாஸ்டிக் போன்றவற்றில்தான் செய்ய வேண்டும் என்று மாஸ்டர்கார்டு அறிவித்திருக்கிறது. அது நல்ல செய்தி. அதுவரை பழைய கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். தங்க நிறத் தகட்டின் நடுவிலேயே ஒரு வெட்டு, காந்தப் பட்டைக்குக் குறுக்கே இரண்டு மூன்று வெட்டு, எண் இருக்கும் இடத்தில் ஒன்று. துண்டுகளை ஒரே குப்பையில் போடாமல் பிரித்துப் போடுங்கள். நன்றி, வணக்கம்.